மெனு அட்டை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள்

பர்மாவின் யாங்கூனில் அனவ்ரட்டா சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, எட்டு மேசை. காலையில் இட்லி தோசை, மத்தியானம் இலைச் சாப்பாடு, ராத்திரி பரோட்டா. கணக்கு பார்ப்பது நான்தான். மெனு அட்டைக்காக நாங்கள் பட்ட பாட்டை எழுதி வைத்தால் கடை நடத்துகிற வேறு யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

முதலில் அடித்த அட்டை பார்க்க அழகாகத்தான் இருந்தது. வழவழப்பான தாள், ஆறு பக்கம், 68 அயிட்டம், ஒவ்வொன்றுக்கும் படம், மேலே லேமினேஷன். 2021-க்கு அப்புறம் இங்கத்துப் பணமான கியாட்டின் மதிப்பு இறங்கிக்கொண்டே போனதில் வெளிநாட்டிலிருந்து வரும் பாமாயில் விலை ஏறியது. உளுந்து இங்கேயே விளைந்தாலும் இந்தியா எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் அதன் விலை ஆடும். விலை மாறும்போதெல்லாம் அட்டையில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி எழுதினோம். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்.

ஒருநாள் கல்லாவிலிருந்து பார்க்கிறேன், முதல் மேசையில் ஒரு அம்மா பேசிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பி, அடியில் இருக்கும் பழைய விலையைப் பார்த்துவிட்டு மறுபடியும் அமுக்கி ஒட்டுகிறார். ஆட்டுக்கறி கேட்க வந்தவர் இரண்டு சாதா தோசையோடு எழுந்து போனார். நாங்களே அவர் கையில் கொடுத்த அட்டை, 'உன்னிடம் கூடுதலாக வாங்குகிறோம்' என்று அவரிடம் சொல்லிவிட்டது.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கசவானா, ஸ்மித் என்ற இரண்டு பேர் 1982-இல் கொண்டுவந்த முறைக்கு 'மெனு என்ஜினியரிங்' என்று பெயர். ஒவ்வொரு அயிட்டத்திடமும் இரண்டு கேள்விதான்: எவ்வளவு போகிறது, ஒன்று விற்றால் கையில் எவ்வளவு நிற்கிறது. இரண்டும் நன்றாக இருந்தால் நட்சத்திரம். நிறையப் போய்க் கொஞ்சமாக நின்றால் உழவுக் குதிரை, நம் ஊர்க் கணக்கில் ஏர் மாடு. நன்றாக நின்றும் போகாவிட்டால் புதிர். இரண்டும் இல்லாததை நாய் என்கிறார்கள், எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

இதில் பலரும் தவறுகிற இடம் சதவீதம். புரிவதற்காக முழு எண்ணில் சொல்கிறேன். சாதா தோசை 2500 கியாட், சாமான் செலவு 800, நிற்பது 1700. ஆட்டுக்கறிச் சாப்பாடு 10000, செலவு 6000, நிற்பது 4000. செலவு தோசையில் 32 சதவீதம், கறியில் 60. சதவீதத்தை மட்டும் பார்த்த சித்தப்பா கறியை எடுத்துவிடலாம் என்றார். வாடகையும் மாஸ்டர் சம்பளமும் கையில் நிற்கிற காசில்தானே கொடுக்கிறோம், சித்தப்பா என்று ஒரு மாதத்துச் சீட்டுகளை மேசையில் பரப்பிக் காட்டினேன். ஒத்துக்கொண்டார். மாதம் பத்து தட்டுகூடப் போகாத நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ் எல்லாம் போனது. 68 இப்போது 22.

எங்களுக்குக் கிடைத்த நல்ல புதிர் பொடி தோசை. 3200 கியாட், நிற்பது 2250, ஆனால் கேட்பார் இல்லை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பர்மியர்கள், வெறும் 'பொடி' என்று எழுதினால் அவர்களுக்கு என்ன தெரியும்? நம் பிள்ளைகளிலேயே பலருக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் பர்மிய எழுத்தில் பெரிதாக எழுதினோம்: வறுத்த உளுந்தும் காய்ந்த மிளகாயும் சேர்த்து அரைத்தது, நல்லெண்ணெய் விட்டு முறுகலாகச் சுட்டது. நல்லெண்ணெயும் வறுத்த பருப்புப் பொடியும் அவர்கள் சமையலிலும் உண்டு. மூன்றாம் வாரம் மாஸ்டர், 'பொடி தீர்ந்துபோச்சு' என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். தமிழ்ப் பெயரையும் கீழே சின்னதாக வைத்திருக்கிறேன், அதை எடுக்க மனசு வரவில்லை.

வலது பக்கத்து மேல் மூலையில்தான் எல்லார் கண்ணும் போகும், விலை கூடியதை அங்கே போடுங்கள் என்று அச்சுக்கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் 2012-இல் சிபில் யாங் என்ற ஆய்வாளர் கண் அசைவைப் படம்பிடித்துப் பார்த்தபோது, மக்கள் மெனுவைப் புத்தகம் படிப்பது போல வரிசையாகப் படிப்பதுதான் தெரிந்தது. 2009-இல் வெளிவந்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வுக்காக அவரும் வேறு ஆய்வாளர்களும் நியூயார்க் மாநிலத்துச் சமையல் கல்லூரி ஒன்றின் உணவகத்தில் செய்த சோதனையில், டாலர் குறி இல்லாமல் வெறும் எண்ணாக விலை போட்ட மெனுவைப் பார்த்தவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். நாங்களும் கியாட் என்ற சொல்லை எடுத்தோம், விலைகளை ஓரத்தில் வரிசையாக நிறுத்தாமல் விவரத்தின் முடிவிலேயே வைத்தோம். ஆனால் எண்ணைச் சின்னதாக்கவில்லை. பையில் உள்ளதை எண்ணிப் பார்த்து வருகிற கூலிக்காரரும் காலேஜ் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் விலையைத் தேடித் தவிக்கக் கூடாது.

இப்போது மெனு ஒரே தாள், பிளாஸ்டிக் உறையில். விலை மாறினால் பழையதை உருவிவிட்டுப் புதிதாக அச்செடுத்துச் செருகிவிடலாம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. வாசோ மாதப் பௌர்ணமியிலிருந்து தடிங்யுட் மாதப் பௌர்ணமி வரை, பௌத்தர்களின் தவக்காலமான மூன்று மாதம், பர்மியர்கள் நிறையப் பேர் சைவத்துக்கு மாறுவார்கள், அதற்கென்றே தனித் தாள். சைவத்துக்கு அவர்கள் சொல்கிற வார்த்தையைத் தலைப்பில் பெரிதாகப் போட்டு, முதல் வரியில் பொடி தோசை, அடுத்தது பூசணிக்காய்ச் சாம்பாரோடு இலைச் சாப்பாடு, கோழியும் ஆடும் பின்பக்கம். நேற்று ராத்திரி காட்டினேன். சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு அப்பளம் உண்டுன்னு போடலையேப்பா" என்றார். சேர்த்துவிட்டேன்.