பேலன்ஸ் பைக்: வயதைப் பார்க்காமல் காலை அளந்து வாங்குவது

பெட்டியின் மேல் "2 முதல் 5 வயது வரை" என்று அச்சிட்டிருக்கும். பேலன்ஸ் பைக் (பெடல் இல்லாத குழந்தை சைக்கிள்) வாங்கப் போகும்போது முதலில் மறக்க வேண்டியது அதைத்தான். ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளின் கால் நீளம் நாலைந்து செ.மீ. வேறுபடலாம். பெடல் இல்லாத வண்டியில் அந்த நாலைந்து செ.மீ.தான் எல்லாமே. தரையை உதைத்துத்தான் இது ஓடுகிறது, சின்னக் குழந்தையிடம் தரையில் கால் ஊன்றித்தான் நிற்கிறது. முன்பாதம் மட்டும் எட்டினால் உதையும் சரியாக விழாது, நிறுத்தவும் வராது. இரண்டாம் நாளே வண்டி மூலைக்குப் போய்விடும்.

ஆகவே முதல் வேலை கவட்டு உயரத்தை அளப்பது. குழந்தைக்கு ஷூ போட்டுவிட்டு, சுவரில் முதுகு படும்படி நிற்க வையுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே விட்டு, அதன் ஒரு விளிம்பு சுவரோடு ஒட்டியிருக்க, மெல்ல மேலே தள்ளி முட்டும் இடத்தில் நிறுத்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரைதான் கணக்கு. கூச்சத்தில் குழந்தை நெளியும், நுனிக்காலில் நிற்கும். மூன்று முறை அளந்து, அதில் குறைந்ததை எடுத்துக்கொள்வது நல்லது. வெறுங்காலில் அளந்தால் ஷூவின் அடிக்கனம் கணக்கில் வராமல் போகும்.

அந்த அளவிலிருந்து 3 செ.மீ. கழித்தால் சீட் நிற்க வேண்டிய உயரம் கிடைக்கும். கவட்டு உயரம் 33 என்றால் சீட் 30. அப்படி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிந்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இனி வண்டியின் விவரத்தில் பார்க்க வேண்டியது சீட்டின் குறைந்தபட்ச உயரம். அது 30 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். "கொஞ்சம் பெரிதாக வாங்கினால் நாலு வருஷம் வரும்" என்ற கணக்கு சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது. நாலு வருஷம் வர வேண்டுமானால் சீட்டின் அதிகபட்ச உயரத்தைப் பாருங்கள். குறைந்ததற்கும் அதிகத்துக்கும் இடையே 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் நல்ல வண்டி. சில வண்டிகளில் அந்த அதிகபட்சம் தனியாக வாங்க வேண்டிய நீளமான சீட் கம்பியைச் சேர்த்துச் சொன்னதாக இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. குழந்தையின் எடையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எல்லோரும் பின்பற்றும் கணக்கு: 12 கிலோ குழந்தைக்கு 3.6 கிலோ. விழுந்த வண்டியைக் குழந்தையே தூக்கி நிறுத்த வேண்டும், திருப்பத்தில் சாய்ந்ததை மீட்க வேண்டும். பாதி வழியில் "தூக்கிக்கோ" என்று சொன்னால் வண்டியையும் சேர்த்துத் தூக்கப்போவது நீங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பொதுவாக அலுமினியச் சட்டம் இரும்பைவிட லேசு. மரவண்டி பார்க்க அழகு, ஆனால் பலவற்றில் சீட்டைத் துளைக்குத் துளைதான் ஏற்ற முடியும். சரியான உயரம் இரண்டு துளைக்கு நடுவே வந்தால் கீழ்த் துளையில் வையுங்கள்.

டயரில் இரண்டு கட்சி உண்டு. நுரை டயர் பஞ்சராகாது, காற்றடிக்க வேண்டாம், எடை குறைவு. ஆனால் ஈரத் தரையில் வழுக்கும், மேடுபள்ளத்தின் அதிர்ச்சி அப்படியே கைக்கு ஏறும், தேய்ந்துபோனால் பல வண்டிகளில் சக்கரத்தோடு சேர்த்தே மாற்ற வேண்டும். காற்று டயர் கனம் கூடுதல், பிடிப்பு பிரமாதம். வீட்டுக்குள்ளும் சிமென்ட் தரையிலும் ஓட்டும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நுரை போதும். புல், மண், சரளைக்கல் என்று போகிற மூன்று வயதுக் குழந்தைக்குக் காற்று டயர்தான் எங்கள் தீர்ப்பு. 12 அங்குலச் சக்கரத்தில் வால்வு நேராக நின்றால் ஸ்போக்குகளுக்கு நடுவே பம்பு நுழையாது, வளைந்த வால்வுள்ள டியூபாகப் பாருங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது பின்சக்கர அச்சின் நட்டுகளைத் தடவிப் பாருங்கள். துருத்திக்கொண்டிருந்தால் ஒவ்வொரு உதையிலும் கெண்டைக்காலில் உரசும். கால் வைக்கும் பலகை உதைக்கும் காலுக்கு இடையூறாக வந்தால் அது இல்லாமலிருப்பதே மேல். ஹேண்டில்பாரின் கைப்பிடி மெல்லியதாகவும், நுனி உருண்டையாகத் தடித்தும் இருக்கட்டும். கை பிரேக் மூன்று வயதுக்கு முன் பெரும்பாலும் அலங்காரம்தான். அதற்குப் பிறகும், குழந்தையின் விரல் எட்டுகிற சின்ன லீவரா என்று பார்த்த பின்பே அதற்குக் காசு கொடுங்கள். ஹேண்டில் முழுக்கத் திரும்பாமல் தடுக்கும் பூட்டு எங்களுக்குப் பிடிக்காது. தடையில்லாமல் திரும்பும் ஹேண்டில், வண்டி விழும்போது மடங்கிப் படுத்துவிடும். பூட்டு இருந்தால் ஹேண்டிலின் நுனி வயிற்றைப் பார்த்து நிற்கலாம்.

வண்டியின் பாகங்களைப் பொருத்தும்போது அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று: முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவைக் கம்பியை, பின்னோக்கித் திருப்பி மாட்டுவது. முன் பிரேக்கோ மட்கார்டோ இல்லாததால் எது முன்பக்கம் என்று அடையாளம் தெரிவதில்லை. சக்கரத்தின் அச்சு ஃபோர்க் கம்பிகளின் கோட்டுக்குச் சற்று முன்னால் தள்ளி இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் முன்சக்கரம் சட்டத்தை நெருங்கி நிற்கும், ஹேண்டில் தன்னால் மடங்கி விழப் பார்க்கும், குழந்தை "ஓட்ட வரலை" என்று அழும். பழியோ குழந்தையின் மேல் விழும். போல்ட்டுகளை ஆலன் கீயால் இறுக்கிய பிறகு, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள். நழுவக் கூடாது. ஒரு வாரம் ஓடிய பின் எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.

"பெடல் இல்லாமல் என்ன சைக்கிள்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். 1817-ல் கார்ல் ஃபான் டிரைஸ் மான்ஹைமில் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டியே பெடல் இல்லாததுதான்! வீட்டில் சின்ன சைக்கிள் ஏற்கனவே இருந்தால் அதன் பெடல்களைக் கழற்றியும் பழக்கலாம். இடது பெடலின் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பலர் இங்கே பலம் காட்டி மரையைக் கெடுக்கிறார்கள். எடை மட்டும் குறையாது.

ஹெல்மெட்டைத் தலைச் சுற்றளவு பார்த்து வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல். ஊஞ்சல், சறுக்குமரம் ஏறும் முன் கழற்றிவிடுங்கள், பட்டை மாட்டிக்கொண்டால் கழுத்தை நெரிக்கும்.

முதல் வாரங்களில் குழந்தை உட்காராமல், வண்டியைக் கால்களுக்கு நடுவே வைத்து நடக்கும். நடக்கட்டும். ஹேண்டிலைப் பிடித்து ஓட்டிக் காட்டாதீர்கள், சமநிலையை உங்கள் கை கற்றுக்கொள்ளும், குழந்தை கற்காது. தேவையென்றால் முதுகில் ஒரு கை, அவ்வளவே. ஓடி உதைத்து, இரண்டு காலையும் தூக்கி மிதக்கத் தொடங்கியதும் சீட்டை ஒரு செ.மீ. ஏற்றுங்கள். காலைத் தேய்த்து நிறுத்துவதால் ஷூவின் முன்பகுதி சீக்கிரம் ஓட்டையாகும், பழைய ஷூ ஒன்றை இதற்கென ஒதுக்கிவிடலாம்.

சீட் கம்பியில் ஒரு கோடு பொறித்திருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது, கம்பி வளையும் அல்லது பிடுங்கிக்கொள்ளும். அந்தக் கோடு வரை ஏற்றியும் முழங்கால் லேசாக அல்லாமல் நன்றாக மடங்கியே இருந்தால் வண்டி சிறிதாகிவிட்டது. புத்தகத்தை வைத்து மறுபடி அளந்துகொண்டு பெடல் சைக்கிள் பார்க்கப் போங்கள். அதோடு வரும் பக்கச் சக்கரங்களைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.