பாயோடு ஒட்டினவர்கள்

மீன்கடையில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி என் காதருகே குனிந்து, "அத எடுக்காதீங்க மனே, கண் குழி விழுந்து போச்சி" என்றார்.

டண்டினோங் சந்தை, ஒரு சனிக்கிழமைக் காலை. மெல்பேர்னுக்கு வந்து ஐந்தாவது மாதம். முதல் நாள் இரவுதான் மனைவியிடம், "எனக்கு இந்த ஊர் பழகிட்டு" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். இப்போது கையிலிருந்த மீன் நழுவி ஐஸ் மேல் விழுந்தது. யாழ்ப்பாணத் தமிழ் என்றால் திடுக்கிட்டிருக்க மாட்டேன், அது இங்கே மூலைக்கு மூலை கேட்கும். இது 'மனே', எங்கள் பக்கத்து 'மகனே'. என் பெத்தா, அதாவது பாட்டி, செத்த பிறகு என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

"நீங்க... மட்டக்களப்பா?"

"டச் பார். மறுகா? நீங்க எவடம்?"

மறுகா! பிறகு, அப்புறம், வேறென்ன, சொல்லு பார்ப்போம் எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த ஒரு சொல்தான். கொழும்பில் படித்த காலத்தில் அதற்காகவே என்னைக் கேலி செய்தார்கள். மூன்று வருடம் பாடுபட்டு வாயிலிருந்து கழுவி எடுத்தேன். அதை இந்தப் பூனைக்கண் கிழவி ஒரு கூச்சமும் இல்லாமல் சந்தை நடுவே போட்டு உடைக்கிறார். கல்லடி என்றேன். "அட, பாலத்துக்கு இஞ்சால!" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மீன்காரன் எங்களை மறந்து அடுத்த ஆளுக்குப் போய்விட்டான்.

டச் பார் என்பது கல்லடிப் பக்கம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டு. 'பார்' என்றது ஆற்றுவாயில் சேரும் மணல் திட்டைத்தான். அங்கே இருந்தவர்கள் பறங்கியர், போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் (டச்சுக்காரர்) வழிவந்த கலப்பினத்தார். எங்கள் வீட்டு அலுமாரியைச் செய்தவர் ஒரு பறங்கித் தச்சர். அம்மாவின் தையல் மெசின் மக்கர் பண்ணினால் வருபவரும் ஒரு பறங்கியர்தான். பலருக்கு ஒல்லாந்துக் குடும்பப் பெயர். ஆனால் வீட்டுக்குள் பழைய தலைமுறை பேசியது ஒருவகைப் போர்த்துக்கேயம், வெளியே வந்தால் எங்களை விடச் சுத்தமான மட்டக்களப்புத் தமிழ். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் வயலினும் ரபான் மேளமும் சேர்ந்து கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை அடிப்பார்கள். எட்டு வயதில் வேலி ஓட்டையால் அதைப் பார்த்துக்கொண்டு நின்று, எறும்புப் புற்றில் காலை வைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மந்திரம் என்று பயந்தார்கள். யாவாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்த யாழ்ப்பாணத்தார் இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டால், தாய்மார் வேறென்ன சொல்வார்கள்? மந்திரமும் இல்லை மாயமும் இல்லை, வீடு பெண்ணுக்கு என்ற எங்கள் வழக்கம்தான் காரணம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போக வேண்டும். குடி என்ற குலப்பிரிவும் தாய்வழியில் வருவது. காத்தான்குடி முஸ்லிம்களும் இந்த விஷயத்தில் எங்களைப் போலத்தான். ஆகவே மட்டக்களப்பு ஆம்பிளைக்குப் புலம்பெயர்வு தாலி கட்டிய அன்றே தொடங்கிவிடுகிறது. நான் முதலில் கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்குப் பெயர்ந்தேன். பிறகு மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு மெல்பேர்னுக்கு. இரண்டிலும் இரண்டாவதுதான் சுலபம். இங்கே மாமியார் இல்லை.

போர்த்துக்கேயரும் அப்படி ஒட்டியவர்கள்தானே. 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795இல் வெள்ளைக்கார இங்கிலீசுக்காரர். கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது, கடைசியில் அதற்குள் கச்சேரி என்ற அரச அலுவலகம் வந்து பிறப்புச் சான்றிதழுக்கு நாங்கள் வரிசையில் நின்றோம். ஆனால் இங்கே பெண் எடுத்தவன் போகவில்லை. அவன் பிள்ளைகள் தச்சரும் கொல்லரும் தையற்காரருமாக ஊரோடு ஊராகிவிட்டார்கள். அலுவலகத்தில் ஒருவன் 1880களில் கட்டிய கட்டடம் ஒன்றைக் காட்டி, எவ்வளவு பழையது பார் என்று வாய் பிளந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மெல்பேர்ன் தொடங்கியதே 1835இல். எங்கள் கோட்டை அதை விட 207 வயது மூத்தது. (முழுநிலவு இரவில் எங்கள் வாவியில் பாடும் என்கிற பாடுமீனைப் பற்றி ஒரு வரி இல்லாமல் மட்டக்களப்பான் கட்டுரை எழுத முடியாது. எழுதிவிட்டேன், கடமை முடிந்தது.)

மீன்கடை அன்ரியைப் பார்த்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. மகள் போகும் வார இறுதித் தமிழ் வகுப்பில் 'என் வீடு' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். கதிரை, யன்னல், சப்பாத்து, துவாய், லேஞ்சி என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வெட்டி நாற்காலி, காலணி, துண்டு, கைக்குட்டை என்று திருத்தி வந்திருந்தது. யன்னல் மட்டும் 'சன்னல்' ஆகித் தப்பியிருந்தது. கோபம் கோபமாக வந்தது. நல்ல தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள்தான் என்று தமிழ்நாட்டு நண்பர்களிடம் அளந்தவன் நான். ஒரு கடிதம் எழுதுவோம் என்று உட்கார்ந்து தேடினால், கதிரை போர்த்துக்கேயம். சப்பாத்து, துவாய், லேஞ்சி, யன்னல், அலுமாரி, பாண், நான் உட்கார்ந்திருந்த வாங்கு எல்லாமே போர்த்துக்கேயம். லாச்சியும் கந்தோரும் ஒல்லாந்து. கடிதம் எழுதவில்லை. ஆனால் மகளிடம், வீட்டில் கதிரை கதிரைதான் என்று சொல்லிவிட்டேன்.

அன்ரியின் வீட்டுக்கு நாங்கள் மூவரும் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அதெல்லாம் எங்கட சாமான் மனே, வாடகைக்குத் தந்தது" என்றார். தரைவிரிப்பின் மேல் ஒரு பன்பாய் விரித்திருந்தது. அவருடைய மகள் கட்டிக் கொடுத்த வீட்டில் கதிரைக்கா குறைவு? அவருக்குப் பாயில் கால் நீட்டினால்தான் கதை வரும். ஓரம் பிரிந்த இடத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார், தையற்காரன் பேத்தியின் கை, தையல் நூல்பிடித்ததுபோல் நேராக ஓடியது. பிட்டும் இறால் பாலாணமும் வந்தது. பிட்டுக்கு வாழைப்பழமும் எருமைத் தயிரும் இல்லையே என்று அவரே குறைபட்டுக்கொண்டார். கடைத் தயிரைக் கவிழ்த்தால் ஊற்றுகிறதாம். நம்மூர்ச் சட்டித் தயிரைக் கவிழ்த்தால் சட்டிதான் உடையும்.

அவருடைய மாமா ஒருவர் அறுபதுகளில் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு கொழும்புப் பறங்கியர் கப்பல் கப்பலாக இங்கே வந்துகொண்டிருந்த காலம். வெள்ளையரை மட்டும் சேர்க்கும் கொள்கை இங்கே 1901இல் சட்டமாகி 1973 வரை உயிரோடிருந்தது. பறங்கியருக்கு அதில் ஒரு சின்னச் சந்து விட்டிருந்தார்கள்: முன்னோரில் பெரும்பங்கு ஐரோப்பியர் என்று காட்ட வேண்டும், பார்வைக்கும் அப்படி இருக்க வேண்டும். கொழும்பு ஒல்லாந்தப் பறங்கியரிடம் 1908இல் தொடங்கிய சங்கமே இருந்தது, வம்சாவளிகளை அச்சடித்து வைத்திருந்தது. மட்டக்களப்புத் தச்சரிடம் என்ன இருக்கும்? மாமா ஞானஸ்நானக் கடுதாசியோடு, கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாராம்.

"மறுகா?" என்றேன் நான். அந்தச் சொல் என் வாயில் தானாக வந்தது.

"மறுகா என்ன, முகத்தப் பார்த்தாங்களாம். நிறம் காணாதாம். திரும்பி வந்து இரவல் கோட்டக் குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டார். தெருவில பொடியனுகள் 'பறங்கி, பறங்கி' எண்டு கத்திக்கிட்டுப் பின்னால ஓடுவானுகள். நீங்களும் கத்தியிருப்பீங்க."

கத்தியிருக்கிறேன். மாமாவுக்குப் பின்னால் இல்லை, தையல் மெசின்காரரின் சைக்கிளுக்குப் பின்னால். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. பிட்டை வாயில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில், ஆரையம்பதியில் அவளும் கத்தியிருக்கிறாள் என்று தெரிந்தது.

இங்கே மகளின் பள்ளிக்கூட விழாக்களில், இந்த மண்ணின் ஆதிக்குடிகளை வணங்குகிறோம் என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். முதல் தரம் கேட்டபோது நல்ல பண்பாடு என்று கைதட்டப் போனேன். பிறகு வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் நினைவுக்கு வந்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டம் எதிலும் அவர்களுக்கு ஒரு வரி சொல்லிக் கேட்டதில்லை. கைதட்டாமல் உட்கார்ந்தேன்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. குப்பைவாளி நிறம் எல்லாம் மனப்பாடம், டிராமில் மன்னிப்புக் கேட்டே ஆட்களை ஒதுக்கத் தெரியும். ஊர் பழகிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம், முழுநிலவு நாளில் மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்குக் கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கும் நேரத்தை இங்கத்தைய நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை மீனுக்கு அன்ரியோடுதான் போகிறேன். போன வாரம் பின்னால் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டு ஆசையாக விசாரித்தார், நீங்கள் இருவரும் எந்த ஊர்? மட்டக்களப்பு, இலங்கை என்றார் அன்ரி. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அன்ரியிடம், இல்லை, நீங்கள் அதற்கு முன்னால்? என்றார்.

அன்ரி கொஞ்சம் யோசித்தார். "டச் பார்."

அவர் முகம் மலர்ந்தது. ஏதோ மதுக்கடை என்று நினைத்துவிட்டார். நல்ல பெயராக இருக்கிறதே, இன்னும் திறந்திருக்கிறதா என்று கேட்டார்.

2004 டிசம்பர் 26 காலையில் அன்ரி தேவாலயத்தில் இருந்தார். வீட்டில் இருந்தவர்களைப் பற்றி அவர் இதுவரை எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"இல்லை, மூடிவிட்டார்கள்" என்று அவரிடம் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அன்ரி ஒரு மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து என் பக்கம் காட்டினார். "இது நேத்துப் பிடிச்சது. எடுங்க மனே."