பைனாகுலர் கோஷ்டி

"மதுரையில் இருபாலீர்ப்பு உள்ளவர்களுக்காக ஒரு கூட்டம், வாருங்கள்" என்று, அதாவது ஆண் பெண் இருபாலர் மேலும் ஈர்ப்பு வருகிறவர்களை, அழைத்தால் ஈ காக்கா வராது. "ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிட்டாபட்டி மலைக்குப் பறவை பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள், வருவார்கள். வீட்டில் பொய் சொல்ல வேண்டியதில்லை, கழுத்தில் பைனாகுலர் தொங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதற்கும் மேல் அங்கே பறவைகளும் உண்மையிலேயே அபாரம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம் அது. பாறை உச்சியில் லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை கண்ணில் பட்டுவிட்டால், எதற்காகக் கூடினோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

பறவைப் பைத்தியம் எனக்கு முன்பே உண்டு. இருபாலீர்ப்பு உள்ளவர்களை ஒன்றுசேர்க்கும் தன்னார்வ வேலை பிறகுதான் வந்தது, அதுவும் எரிச்சலில் வந்தது. மதுரைக்குப் பாலினச் சிறுபான்மையினரின் வானவில் கொடி ஒன்றும் புதிதில்லை, 2012 ஜூலையிலேயே இங்கே பேரணி நடந்திருக்கிறது. ஆனால் நான் போன சந்திப்புகளில் எல்லாம், கல்யாணமானவள் என்று தெரிந்ததும், "அதான் செட்டில் ஆயிட்டீங்களே அக்கா, அப்புறம் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். ஓர் ஆணைக் கட்டிக்கொண்டால் பெண்கள் மேல் இருந்த ஈர்ப்பு ரத்தாகிவிடும் என்று நினைப்பு. வெளியாட்கள் கேட்டால் தொலைகிறது, கே, லெஸ்பியன் நண்பர்களே கேட்டால் எங்கே போய் உட்காருவது? (என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். மாமியாருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.)

மலைக்கு வருகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். விடியும் முன்னே வீட்டை விட்டுக் கிளம்புவது நம் ஊரில் பெண்களுக்கு அவ்வளவு சுலபமா என்ன? அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில் என் வீட்டில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறோம். துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, கண்ணைத் துணியிலிருந்து எடுக்க முடியாது. அங்கேதான் பேச்சு வருகிறது. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாததை, குனிந்து நூலைச் சுற்றிக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். கல்லூரியில் கூடப் படித்தவளைப் பற்றி, கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு அனுப்பாமலே வைத்திருக்கும் மெசேஜ் பற்றி. யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டோம். "ம்" என்போம்.

செப்டம்பர் 23, இருபாலீர்ப்பு நாள், 1999 முதல் உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். அதற்காக மூன்று நிறத்தில் ஒரு துப்பட்டா போட்டோம். மைக்கேல் பேஜ் 1998இல் வடிவமைத்த கொடியில் மேலே இளஞ்சிவப்பு, கீழே நீலம், நடுவில் இரண்டும் கலந்த ஊதா. சாயத்திலும் அதே கணக்குதான், இளஞ்சிவப்பில் முக்கியதன் ஓரத்தை நீலத்திலும் முக்கினால் ஊதா தானாக விழுகிறது. சாயப்பட்டறை அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, "கலர் நல்லாருக்கேம்மா, தீபாவளிக்குப் பத்துப் பீஸ் போடவா?" என்றார். போடுங்கண்ணே என்றுவிட்டோம்.

மற்றபடி இந்தத் தொண்டில் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. புதிதாக வருகிறவரிடம் முதலில் ஃபோனில் நிதானமாகப் பேசுவது, குரூப்பில் சொந்தப் பெயர் வேண்டாம் என்பது, பறவையைத் தவிர யாரையும் படம் எடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் தொண்டை வறளச் சொல்வது, டீக்குக் காசு பிரிப்பது. தன்பால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6ஆம் தேதித் தீர்ப்போடு சட்டத்தின் பயம் போனது, சொந்தக்காரர்கள் பயம் அப்படியே இருக்கிறது, அதனால்தான் இத்தனை எச்சரிக்கை.

இப்போதைக்கு ஓர் ஆள் தேவை. பெரும்பாலான அழைப்புகள் ராத்திரி பத்து மணிக்கு மேல், எல்லாரும் தூங்கிய பிறகுதான் வருகின்றன, எனக்கு மறுநாள் ஆபீஸ் இருக்கிறது. அவசரப்படுத்தாமல் கேட்கத் தெரிந்தவர் யாராவது வாரத்தில் இரண்டு ராத்திரி எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். பறவை தெரியாவிட்டாலும் பரவாயில்லை.