பாச்சை உருண்டையும் தொப்புள்கொடி இரத்தமும்

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் என் தங்கைக்கு மகன் பிறந்தபோது, மன்னார்குடியிலிருந்து வந்த அவளுடைய மாமியார் ஒரு துணி மூட்டையைப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். தம் மகன் குழந்தையாக இருந்தபோது அணிந்த பருத்திச் சட்டைகள் அவை. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் உடுத்த வேண்டும் என்பதற்காக, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீரோவில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவே காப்பாற்றி வைத்திருந்தார். மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே, குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு இருப்பதாக மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் குறைபாடு இது. குழந்தை பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆனால் பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் ஆவியை முகர்ந்தாலே சிவப்பணுக்கள் மளமளவென்று உடையக்கூடும். அப்போது, உடைந்த சிவப்பணுக்களிலிருந்து உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இரத்தத்தில் ஏறி மஞ்சள் காமாலை முற்றும். அது மூளையைத் தாக்கினால் செவித்திறன் இழப்பும் மூளை முடக்குவாதமும் ஏற்படலாம், உயிரே போகலாம்.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் பச்சிளங்குழந்தைகள் பலர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். இங்குக் குழந்தை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் வோங் ஹொக் பூன், அந்தக் காமாலைக்கும் இந்தக் குறைபாட்டிற்கும், வீடுகளில் புழங்கிய சில மூலிகைகளுக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்தவர். பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்யும் வழக்கம் 1965இலேயே தொடங்கிவிட்டது. நாடு தனியாகப் பிரிந்து நின்ற அதே ஆண்டில் இதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு அது தாயிடமிருந்துதான் வருகிறது. இதை மாமியார் முன்னிலையில் விளக்க நேர்ந்த தாதி, "இதில் யார் மீதும் குற்றமில்லை, அம்மா" என்று மூச்சுவிடாமல் சேர்த்துச் சொன்னார். அந்தத் தாதிக்கு அனுபவம் மிகுதி என்று நினைக்கிறேன்.

வீடு திரும்பிய பிறகு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்து, பிலிருபின் அளவு இறங்கும்வரை பார்த்தார்கள். அதில் சிக்கல் எதுவும் இல்லை. நாங்கள் தடுமாறியது, தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலைக் கையில் வாங்கியபோதுதான். ஃபாவா பீன்ஸ் கூடாது என்று அதில் இருந்ததை யாரோ 'அவரை' என்று மொழிபெயர்த்துச் சொல்ல, பாலூட்டும் என் தங்கைக்கு அவரைக்காய்ப் பொரியல் நின்றுபோனது. ஃபாவா வேறு செடி. தீங்கு செய்யும் வைசின் என்ற பொருள் அதன் விதையில் இருக்கிறது. நம் அவரைக்காய் பழி சுமந்ததுதான் மிச்சம். சீன மூலிகைகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. வசம்பும் கடுக்காயும் சாதிக்காயும் இழைத்துக் கொடுக்கும் நம் உரை மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பட்டியலில் இல்லாததால் கொடுக்கலாம் என்று தங்கையின் மாமியாரான அத்தை முடிவு செய்துவிட்டார். குழந்தை நல மருத்துவரிடம் நேரில் கேட்ட பிறகுதான், ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்ற பதிலை அவர் ஏற்றுக்கொண்டார். கேட்கத் தோன்றாத வீடுகளும் இருக்கும் அல்லவா? லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உரை மருந்துப் பொருள்களை வாங்கும் ஒவ்வொரு பாட்டியும் மருத்துவரின் அறைக்குள் வருவதில்லை. தமிழ் வீட்டு அலமாரியையும் அஞ்சறைப் பெட்டியையும் அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை எழுதியிருக்கலாம் என்பது என் மனக்குறை.

துணி மூட்டை பிரிக்கப்படாமலே மன்னார்குடிக்குத் திரும்பிவிட்டது. புறப்படும் நாளில் அத்தை, என் அம்மாவின் பட்டுப்புடவை அலமாரியையும் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விமான நிலையத்துக்குக் கிளம்பினார்.