மரி ரொலே: தாய்வழிக் கொடியைப் பிடித்து ஏறும் வேலை, இதுவரை

வம்சாவளியைத் தாய்வழியாகத் தேடும் வேலை இது. 1617-இல் பிரான்ஸிலிருந்து குடும்பத்தோடு கனடாவின் கியூபெக்கில் வந்து இறங்கிய மரி ரொலேதான் இலக்கு. கீழிருந்து மேலாக, மகளிலிருந்து தாய்க்கு ஏற வேண்டும். கணவன் வீட்டுப் பெயரில் தேடினால் ஒன்றும் சிக்காது. பிரெஞ்சுப் பதிவேடுகளில் பெண் கடைசிவரை பிறந்த வீட்டுப் பெயரோடுதான் நிற்பாள். கணவர் லூயி எபேர் இறந்து, 1629-இல் கியோம் உபூவை மறுமணம் செய்த பிறகும் மரிக்குத் தேட வேண்டிய பெயர் ரொலேதான். ஆண்கள் பக்கம்தான் குழப்பம். நம் பத்திரங்களில் வரும் ‘என்கிற’ போல அங்கே ‘தி’ (dit) என்று ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தலைமுறையில் அதுவே குடும்பப் பெயராகிவிடும்.

1640 ஜூனில் கியூபெக்கின் கத்தோலிக்கக் கோயில் எரிந்தபோது அதன் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளும் போயின. அதற்கு முந்தையதாக இன்று கிடைப்பது நினைவிலிருந்து திரும்ப எழுதியது. ஆகவே மகள் கியெமெத்துக்கும் கியோம் குயாருக்கும் திருமணம் நடந்ததாகச் சொல்லும் 1621 ஆகஸ்ட் 26-ஐப் பென்சிலில் எழுதுங்கள். மை தீக்குப் பிந்தைய பதிவுகளுக்கு. 1629 ஜூலை முதல் 1632 வரை ஊர் ஆங்கிலேயர் கையில். பாதிரிமாரைக் கப்பலேற்றிவிட்டார்கள், அந்த இடைவெளியில் துழாவுவது வீண்.

ஞானஸ்நானப் பதிவில் நாள், தகப்பன், தாய் என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கடைசியில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் வரி இருக்கும். பூர்வகுடிப் பிள்ளைகள் பலருக்கு மரி ஞானத்தாய். அவள் அன்றாடம் யாரோடு புழங்கினாள் என்பதை இந்த வரிபோல வேறெந்தத் தாளும் காட்டாது.

நோட்டரி எழுதிய திருமண ஒப்பந்தம் கிடைத்தால் அவசரப்படக்கூடாது. கோயில் திருமணத்துக்கு முன்பே எழுதுவது அது. 1663–1673-இல் பிரெஞ்சு அரசர் செலவில் வந்த பெண்களில் பலர் ஒப்பந்தத்தை ரத்து செய்து வேறொருவரை மணந்தார்கள். கோயில் பதிவோடு ஒத்துப் பார்த்த பிறகே கணவன் பெயரை ஏற்ற வேண்டும்.

தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் சோதனைக்கு முழுக்க முழுக்கப் பெண்வழி வேண்டும். மரியின் மகன் கியோம் எபேருக்குத் தாயிடமிருந்து அது வந்திருக்கும், ஆனால் அவன் பிள்ளைகளுக்குப் போகாது. மூத்த மகள் ஆன் பிரசவத்தில் இறந்துபோனாள். மிஞ்சுவது கியெமெத் மட்டும்.

மேல் மூன்று கண்ணிகள் இப்போதைக்கு: மரி, கியெமெத், மார்கரித் குயார். மார்கரித் 1637-இல் ழான் நிகோலேயை மணந்தாள். அவர் 1642-இல் ஆற்றில் மூழ்கி இறந்தபின் நிக்கோலா மகாரை மணந்தாள். பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயர்களில் சிதறிக் கிடக்கும். தாய் பெயரை வைத்துத் தேடினால் எல்லோரும் ஒரே பட்டியலில் வருவார்கள்.