சங்கத்துக் கணக்கில் கையெழுத்து மாற்றப் போன கதை

எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் பொருளாளர் ஆனதும் எனக்கு வந்த முதல் வேலை, வங்கிக் கணக்கில் கையெழுத்தை மாற்றுவது. பழைய பொருளாளர் காலமாகிவிட்டார். தீர்மான நகல், ஆதார், போட்டோ போதும் என்றுதான் சொல்லியனுப்பினார்கள்.

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பார்ம் செவன் எங்க சார்?" என்றார். நிர்வாகிகள் மாறினால் பதிவாளரிடம் கொடுக்க வேண்டிய படிவம் அது. சரி என்று பதிவு அலுவலகம் போனால், "கிளார்க் லீவு, நாளைக்கு வாங்க." மறுபடி போனபோதுதான், பல வருடமாக ஆண்டுக் கணக்கே தாக்கல் ஆகவில்லை, அதை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். இதை முதல் நாளே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நல்லவேளை, பழையவர் வீட்டில், பட்டாள நம்பரை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் எல்லா ரசீதுப் புத்தகமும் இருந்தன. சந்தா 20 ரூபாயாக இருந்த காலத்திலிருந்து ஒரு பக்கம் விடாமல் எழுதியிருக்கிறார், ஆடிட்டரிடம் மட்டும் போனதில்லை. புரட்டினால் நிலைமை தெரிகிறது: ஆள் குறையக் குறையச் சந்தா வரவு சுருங்குகிறது, மலர்வளையச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. டிசம்பர் 7 கொடிநாள் வசூல் எங்களுக்கு வருவதாக ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது அரசு நிதிக்குப் போவது, சங்கத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

ஆடிட்டர் கண்டுபிடித்ததுதான் வயிற்றெரிச்சல். சங்கத்தின் பெயரில் பான் கார்டே எடுக்கவில்லை, அதனால் டெபாசிட் வட்டியில் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் வரி பிடித்திருக்கிறார்கள், பான் இல்லாததால் அதைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாததால் அதுவும் முடங்கிக் கிடந்தது. அதற்குத் தனியாக ஒரு கடிதம், தனியாக ஒரு அலைச்சல்.

பழைய கணக்கு, தாமதக் கட்டணம், பான் எல்லாம் எப்படியோ முடிந்தன. உங்கள் சங்கத்திலும் இந்த வேலை வந்தால், பதிவாளர் முத்திரை போட்ட நகல் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வங்கி ஒன்றை எடுத்துக்கொண்டு திருப்பித் தராது. கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

போன வாரம் என் கையெழுத்தில் முதல் செக் பாஸானது. இப்போது மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், அதில் எந்த இருவர் போட்டாலும் செல்லும். எங்கள் வயதுக்கு அதுதான் சரி.