கண்ணுக்குக் கீழே வீங்கினால் வாயைத் திறந்து பாருங்கள்

எங்கள் நாய் சிட்டுவுக்கு இடப்பக்க மேல்பல் ஒன்றை எடுத்தாகிவிட்டது. தையல் ஆறி, பழையபடி தட்டைக் காலி செய்கிறாள். ஆனால் அவள் கஷ்டத்துக்குக் காரணம் ஒரு பல்தான் என்று தெரியவருவதற்குள் எங்களை அலைக்கழித்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திண்டிவனத்தில். சிட்டு நாட்டு நாய்க் கலப்பு, ஏழு வயது. ஒரு நாள் காலையில் இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "பூச்சி கடிச்சிருக்கும்மா" என்று ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை. வீக்கம் வடிந்தது. மாத்திரை முடிந்து கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் வீங்கியது. திரும்பவும் ஊசி, வேறு மாத்திரை. அடுத்த முறை வீக்கம் உடைந்து கன்னத்தில் சீழ் வந்தபோது, "இது புண், சொறிஞ்சு பெருசாக்கிட்டா" என்று களிம்பும் கழுத்துக்குக் கூம்புப் பட்டையும் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை தடவையில் ஒருவர்கூட அவள் உதட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

விஷயத்தைச் சொன்னது என் தங்கையின் தோழி. கால்நடை மருத்துவம் படிக்கிறாள். "அக்கா, மேல் உதட்டைத் தூக்கி, பக்கவாட்டுல இருக்குற பெரிய பல்லு தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க" என்றாள். பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து, நடுவில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. நாய்க்கு மொத்தம் 42 பற்கள். அதில் மேல்தாடையில் ஆகப் பெரியதான அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். வேர் நுனிகள் கண்ணுக்குச் சற்றுக் கீழே போய் முடிகின்றன. பல் உடைந்து உள்ளே கிருமி இறங்கினால் சீழ் அங்கேதான் கட்டும். மாத்திரையில் வடியும், பல் இருக்கும் வரை திரும்பி வரும். கால்நடை மருத்துவத்தில் இது அபூர்வமான சங்கதி இல்லையாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சாப்பிடுகிறாளே, பல்வலி எப்படி இருக்கும் என்று பலர் கேட்டார்கள். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது. பட்டினி கிடக்காது, ஒரு பக்கமாக மென்று தின்னும். சிட்டு தலையைச் சாய்த்து வலப்பக்கம் மட்டும் மென்றதும், எலும்பை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போட்டதும்தான் அறிகுறி.

பல் உடைந்தது காய்ந்த மாட்டுக் குளம்பால். கடைகளில் "பல் சுத்தமாகும்" என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான். மான் கொம்பு, வேகவைத்த நல்லி எலும்பு எல்லாம் இதே ரகம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியவில்லையா, அது பல்லை உடைக்கும் பொருள், வாங்காதீர்கள்.

அடுத்து, நாய்க்கு முடிவெட்டிக் குளிப்பாட்டும் இடம் ஒன்றில், மயக்க மருந்தே இல்லாமல் அரை மணி நேரத்தில் பல்லைப் பளிச்சென்று ஆக்கித் தருகிறோம் என்றார்கள். தயவுசெய்து இதில் விழாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் காரையைச் சுரண்டினால் பல் வெள்ளையாகும். நோய் இருப்பதோ ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஈறுக்கு அடியில் யாராலும் சுத்தம் செய்ய முடியாது. வெளியே வெள்ளையாகத் தெரிவதால் நாமும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவோம்.

சென்னையில் இடம் தேடிப் போன் செய்தபோது ஒன்று கற்றுக்கொண்டேன். "எக்ஸ்ரே இருக்கா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் இருக்கு என்பார்கள். அது நெஞ்சு, கை, கால் எடுக்கும் பெரிய எக்ஸ்ரே. நமக்கு வேண்டியது வாய்க்குள் சின்னத் தகடு வைத்து ஒவ்வொரு பல்லின் வேரையும் எடுக்கும் எக்ஸ்ரே. "வாய்க்குள்ள வெச்சு எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் குழாய் போடுவார்களா என்றும் கேளுங்கள். பல் சுத்தம் செய்யும்போது தண்ணீரும் அழுக்கும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பது அந்தக் குழாய்தான். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்கள் அங்கங்கே இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். ஆனால் போவதற்கு முன் போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒருவழியாக ஓர் இடம் அமைந்தது. "பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தா போதும், எடுத்துட்டு வந்துடுங்க" என்றார் போனில் பேசியவர். ராத்திரியிலிருந்து சிட்டுவுக்குச் சாப்பாடு கொடுக்காமல், விடியற்காலையில் வாடகைக் கார் பிடித்துப் போய் இறங்கினால், கவுன்டரில் இருந்தவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு "இதுல பிளேட்லெட் கவுன்ட் இல்லையே" என்றார். ரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கைதான் அது. எங்களிடம் இருந்தது ஈரல், சிறுநீரகப் பரிசோதனை மட்டும். அங்கேயே எடுக்கலாமே என்றேன். லேப் ஆள் லீவு என்றார். போனில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் பட்டினி கிடந்த நாயோடு இத்தனை தூரம் வந்து திரும்ப வேண்டியதில்லை. கார் வாடகையை விடுங்கள், வழியெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். வெளியே ஒன்றும் தெரியாமலே பிளேட்லெட்டைக் குறைத்து வைத்திருக்கும். அந்த நிலையில் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. எனவே முழு ரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் மூன்றும் சேர்ந்த ரிப்போர்ட் வேண்டும். ரிப்போர்ட் எத்தனை நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மனிதர்களுக்கான லேப்பில் நாய் ரத்தம் எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் கால்நடை லேப் ஒன்றுக்கு அனுப்பி வாங்கினால், பிளேட்லெட் 70 ஆயிரம். குறைந்தது ஒன்றரை, இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இந்த இடத்தில்தான் சென்னை டாக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். மெஷின் கணக்கை அப்படியே நம்பாமல், புதிதாக ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி (இதைத்தான் ஸ்மியர் என்கிறார்கள்), அவரே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முன்பு அனுப்பிய ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டிருக்க வேண்டும், அதனால் மெஷின் குறைத்து எண்ணியிருக்கிறது என்றார். உண்மையில் போதுமான அளவு இருந்தது. உங்கள் நாய்க்கும் திடீரென்று குறைவாக வந்தால், பதறாமல் "ஸ்மியர் பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பல்லை மூன்று துண்டாக அறுத்து வேர்வேராக எடுத்து, மற்ற பற்களையும் சுத்தம் செய்து, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேர் ஏதும் மிச்சம் இல்லை என்பதற்கு எடுத்த பிறகு ஒரு எக்ஸ்ரேயும் காட்டினார்கள். சில பற்களை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாமாம். சிட்டுவின் பல் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன், "வேறு பல் எடுக்க வேண்டியிருந்தால் போனில் கேட்டுவிட்டு எடுக்கவும்" என்று நான் கையால் எழுதிக் கொடுத்தேன். செலவுக் கணக்கையும் முன்னாலேயே எழுதி வாங்குங்கள், எக்ஸ்ரே தனி, பல் எடுப்பது தனி என்று பில் ஏறும்.

அன்று ராத்திரி எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வந்தது, அது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரம் குழைத்த சாதமும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும்தான். வலிக்கு டாக்டர் தந்த மருந்து மட்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐப்யூபுரோஃபென் எதையும் நாமாகக் கொடுக்கவே கூடாது, நாய்க்கு அவை விஷமாகலாம்.

இப்போது தினமும் ராத்திரி பல் தேய்க்கிறோம். பல்லில் படியும் பிசுபிசுப்பு சில நாளிலேயே காரையாக இறுகிவிடும், அதன் பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது. அதனால் வாரம் ஒருமுறை தேய்த்துப் பிரயோஜனம் இல்லை. நம் பேஸ்ட் வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். சில பேஸ்டில் இருக்கும் சைலிடால் என்ற இனிப்புப் பொருள் நாயின் உயிருக்கே ஆபத்து. முதலில் விரலில் துணி சுற்றி கோழி வேகவைத்த தண்ணீரில் தொட்டுத் தேய்த்தோம், அப்புறம் பிரஷ்ஷுக்கும் நாய் பேஸ்டுக்கும் மாறினோம். கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கம் தேய்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

சிகிச்சை முடிந்து கிளம்பும்போது, ஒவ்வொரு பல்லின் நிலையையும் டாக்டர் குறித்து வைத்த பல் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன். கீழே வலப்பக்கம் ஒரு பல்லில் ஈறு கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அதில் குறித்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார்.